கன்றுக்கு ஒரு கணக்கேடு

ஆனி மாதத்து முதல் மழை பெய்து மண் நனைந்துவிட்டால் போதும். நாம் வாழும் ஐதராபாத்து நகரில் மரம் நடு விழாக்கள் தொடங்கிவிடும். பள்ளியிலே ஒன்று, கல்லூரியிலே ஒன்று, குடியிருப்போர் நலச் சங்கத்திலே ஒன்று, வங்கிக் கிளையிலே ஒன்று என்று ஜூன் 5-ஆம் நாள் முதல் ஆகஸ்டு 15-ஆம் நாள் வரை ஓய்வென்பதே இல்லை. பந்தல் போடுகின்றனர்; ஒலிபெருக்கி வைக்கின்றனர்; சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாழ்த்து வருகின்றார்; கன்றின் தூரைத் தொட்டும் தொடாமலும் ஒரு கைப்பிடி மண் இடுகின்றார்; படம் எடுக்கப்படுகிறது; சமோசாவும் தேநீரும் வழங்கப்படுகின்றன. மறுநாள் அவ்வழியே செல்லும் ஆடு, விழாவில் எஞ்சிய நிகழ்ச்சியை நடத்தி முடிக்கிறது.

இதனைக் கேலிக்காகக் கூறினோமல்லோம். இத்தகைய விழாக்கள் வேண்டா என்பதும் நம் கருத்தன்று. 1950-ஆம் ஆண்டில் நடுவண் அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் 'வன மகோத்சவம்' என்னும் பெயரால் ஜூலைத் திங்களில் மரம் நடும் வழக்கத்தை நாடெங்கும் தொடங்கிவைத்தார். அன்று தொட்டு நட்ட கன்றுகளையெல்லாம் கூட்டினால் இந்நாடு முழுவதும் நிழலாக இருத்தல் வேண்டும். இல்லையே! நமக்குப் பத்தாம் வகுப்பிற்கு மேல் படிப்பில்லை. சுற்றுச்சூழல் இயலைக் கற்றறிந்தோம் என்று சொல்லத் துணியோம். எனினும், வந்த சரக்கு எத்தனை, போன சரக்கு எத்தனை, கையிருப்பு எத்தனை என்று இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் கணக்குப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. அக்கண் விழாக்களையும் அவ்வாறே பார்க்கிறது. வரவு எழுதப்படுகிறது, இருப்பு ஒருவராலும் எழுதப்படுவதில்லை.

நம் குடியிருப்பு காஞ்சன்பாக்கில். காஞ்சனம் என்பது பொன். பாக் என்பது தோட்டம். பொற்றோட்டம் என்று பெயர் வாய்ந்த ஊருக்கு 9 ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு வந்திறங்கியபோது தோட்டத்தை எங்குமே காணவில்லை. பாறையும், பாறையின்மேல் வீடும், வீட்டின்மேல் வீடும், இவற்றினிடையே பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்களின் நெடிய மதிற்சுவர்களுமே கண்ணிற்பட்டன. அம்மதில்களுக்கு மேலேதான் பச்சை தலைநீட்டிற்று. உள்ளே செல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் அந்தப் பச்சையில் நம் தமிழகத்தாருக்கு ஒரு பங்குண்டு என்பதை இங்கே கூறாதிருக்க இயலவில்லை.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் 1982-ஆம் ஆண்டில் காஞ்சன்பாக்கிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார் என்பது வாசகர் அறிந்ததே. 1989-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் 'அக்னி' ஏவுகணை முதன்முதலாக விண்ணிற் சென்றது. அதற்கு முந்தைய இரவில், வெற்றி கிட்டினால் கொண்டாடுவதற்கு என்ன வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் கே. சி. பந்த் அவர்கள் வினவ, இமாரத் ஆய்வு மையத்தில் நடுவதற்கு 1,00,000 மரக்கன்றுகள் வேண்டும் என்று கலாம் விடையிறுத்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் இச்செய்தி இருக்கிறது. பொன்னாடையும் விருந்தும் கேட்டிருக்கலாம். எவரும் குறை கூறியிரார். ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான பொருளைக்கொண்டு, போலியோவால் கால் நலிந்த சிறுவர்களுக்குக் கால்தாங்கி செய்யத் தூண்டியவரும் அவரே. 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகத்தைக் காலிற் கட்டி இழுத்த பிள்ளைகள், பின்னர் 300 கிராம் எடையோடு நடந்தனர். இவ்விரண்டு செய்திகளையும் நம் சங்கத்துச் சிறுவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. முதலாவதைவிட இரண்டாவதற்கே அவர்கள் கண்கள் அகலமாக விரிகின்றன.

இமாரத் மையம் அமைந்த இடத்திற்கு 'இமாரத் கஞ்ச' என்று பெயர். அஞ்சல் முகவரியில் 'விஞ்ஞான கஞ்ச' என்று எழுதுவர். தெலுங்கில் கஞ்ச என்பது மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் சொல். ஊரிலிருந்து வந்திருந்த நம் சிற்றப்பா, நண்பரொருவரின் முகவரியில் இச்சொல்லைக் கண்டு, இது போலீசாருக்குத் தெரியுமா என்று தணிந்த குரலில் வினவினார். இச்சொல் பின்னும் ஒருமுறை இக்கட்டுரையில் வரும். ஆதலால் இங்கேயே பொருளைக் கூறி வைத்தோம்.

கன்று நடுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எதை நடுவது என்பது. தெலங்கானா அரசு 2015-ஆம் ஆண்டில் 'ஹரித ஹாரம்' என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கிக் கோடிக்கணக்கில் கன்றுகளை நட்டது. 2022-ஆம் ஆண்டில் ஐதராபாத்திற்கு உலகப் பசுமை நகர விருதும் கிடைத்தது. சாலை நடுவே சுவர் வைத்தாற்போல் கொழுகொழுவென்று வளர்ந்த கோனோகார்பஸ் என்னும் செடியை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். ஆடு கடிக்காது, வெயில் வாட்டாது, ஓராண்டில் ஆளுயரம். விழா நடத்துவோருக்கு இதனினும் ஏற்ற செடி ஏது? ஆனால் அதன் மகரந்தம் மூச்சு நோயைத் தூண்டுகிறது என்றும், வேர்கள் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் கெடுக்கின்றன என்றும் புகார்கள் எழவே, 2022-ஆம் ஆண்டில் அதனை இனி நடலாகாது என்று இம்மாநில அரசு கூறிவிட்டது. தமிழக அரசும் 2025 ஜனவரியில் தடை விதித்தது. நட்டவர்களே பிடுங்கும் நிலை வந்தது. வேம்பும் புங்கும் நாவலும் மெல்லத்தான் வளரும். ஆயினும் அவற்றை நட்டதற்காக எந்த அரசும் இதுவரை வருந்தியதாக நாம் கேள்விப்படவில்லை.

புளியமரத்தின் கதை தனிக்கதை. நம் ஊர்ப்பக்கம் புளியமரத்தடியில் உறங்கலாகாது என்பர். உச்சி வேளையில் அதன் கீழ் நிற்கலாகாது என்பர். அதிலே குடியிருக்கும் பேய்களுக்குக் கணக்கில்லை. இளமையில் அவ்வச்சத்தோடு வளர்ந்த நாம், அப்சல்கஞ்சில் உஸ்மானியா மருத்துவமனைத் தோட்டத்து முதிய புளியமரத்தை முதன்முதலிற் கண்டபோது, கைகூப்பித் தொழுதோம் என்றால் அன்பர்கள் நகைக்க வேண்டா. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை விழுங்கிற்று. மாண்டவர் சுமார் 15,000 பேர் என்பர். அன்று அந்த மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு 150 பேர் அளவில் உயிர் தப்பினர். பல ஆண்டுகளாக அந்த நாளில் நகரத்துக் குடிமக்கள் அமைப்பினரும் மாணவரும் மரத்தடியிற் கூடி, மாண்டோரை நினைந்து, ஆற்றைப்பற்றியும் ஏரிகளைப்பற்றியும் பேசுகின்றனர். நாம் அறிந்த சுற்றுச்சூழல் கூட்டங்களுள் நம் மனத்திற்கு மிகவும் இசைந்தது இதுவே. அங்கே நடப்பட வேண்டிய கன்று ஒன்றுமில்லை. மரம் ஏற்கெனவே இருக்கிறது. அதனிடம் நன்றி சொல்வதற்காக வருகின்றனர்.

அந்த வெள்ளத்திற்குப் பின் நிசாம் மகபூப் அலிகான் அழைப்பின்பேரில் விசுவேசுவரய்யா இங்கு வந்தார். வெள்ளத்தை நகருக்கு மேலேயே தேக்கி நிறுத்த வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அவ்வண்ணமே மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-ஆம் ஆண்டிலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927-ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பெற்றன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஏரிகளே பின்னர் நகருக்குக் குடிநீரும் அளித்தன. அவற்றைச் சூழ்ந்த 10 கிலோமீட்டர் எல்லைக்குள் பெருங்கட்டடங்களும் ஆலைகளும் எழலாகாது என்று 1996-ஆம் ஆண்டில் 111-ஆம் எண் அரசாணை பிறந்தது. 2022-ஆம் ஆண்டில் வேறோர் ஆணை அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. இதில் அறிஞர்களே இரு திறத்தாராய் வாதிடுகின்றனர். நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். உப்புகூடாவில் வண்டியேறிக் காச்சிகூடாவில் இறங்குவது நம் அன்றாடப் பயணம். மலக்பேட்டையைத் தாண்டி மூசிப் பாலத்தின்மேல் வண்டி ஏறியதும், பெட்டியில் இருப்போர் அனைவரும் ஒருங்கே கைக்குட்டையை எடுக்கின்றனர். தமிழரும், தெலுங்கரும், உருது பேசுவோரும், மார்வாடிகளும் இத்தனை ஒற்றுமையோடு செய்யும் செயல் இந்நகரில் பிறிதொன்றில்லை.

2020-ஆம் ஆண்டு அக்டோபரை நம் பகுதியினர் எளிதில் மறவார். 13-ஆம் நாள் ஒரே இரவில் நகரில் 19 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டிற்று. நான்கு நாள் கழித்து, வடிந்துவிட்டது என்று மக்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பாலாப்பூர்ப் பக்கத்துக் குர்ரம் செருவின் கரை உடைந்து, காஞ்சன்பாக்கை அடுத்த ஆபீஸ் பாபா நகர்த் தெருக்களில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. நம் வீடு சற்று மேட்டில் இருந்தமையால் தப்பிற்று. தாழ்ந்த தெருவிலிருந்த தமிழ்க் குடும்பமொன்று, கைக்குழந்தையோடும், அரிசிப் பானையோடும், பிள்ளைகளின் சான்றிதழ்ப் பையோடும் நம் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தது. அவர்களுக்குப் பின்னே அவர்களுடைய அண்டை வீட்டாரான இசுலாமியக் குடும்பத்தார் எழுவரும் வந்தனர். இரண்டு அடுப்பில் மூன்று வேளை சமைத்தோம். நம் இல்லாள் வைத்த இரசத்தை அவ்வீட்டு மூதாட்டியார் மருந்து என்று கருதிப் பருகினார். பிறகு அதுவே வேண்டும் என்று கேட்கலானார்.

அந்த ஐந்து நாள்களில் மாடியில் ஆடவர் பேசியதெல்லாம் ஏரியைப்பற்றியே. ஏரிக்குக் கலிங்கு எங்கே, மிகுநீர் செல்லும் வாய்க்கால் எங்கே, அவ்வாய்க்காலில் வீடு கட்டியவர் எவர், மனை விற்றவர் எவர், வரி வாங்கியவர் எவர் என்று இரவெல்லாம் பேச்சு. தமிழ்க் குடும்பத் தலைவர் தஞ்சை மாவட்டத்தினர். "எங்கள் ஊரில் வாய்க்காலை அடைத்தால் மறுநாளே அடிதடி வந்துவிடும் ஐயா! இங்கே வெள்ளம் வந்த பின்னும் எவரும் கேட்கவில்லையே" என்று அவர் வியந்தார். 2015 டிசம்பரில் சென்னையில் நடந்ததை நாம் நினைவூட்டியதும் அவர் மௌனமானார்.

அது முதற்கொண்டு நம் சங்கத்தில் இப்பொருள்பற்றிப் பேச்சு அடிக்கடி எழுகிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதற்கே நேரம் போதாத சங்கம் இது என்பதை வாசகர் அறிவர். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாம் பிழைக்க வந்தவர்கள். இன்று இங்கே, நாளை எங்கேயோ! இவ்வூர் ஏரியும் மரமும் இவ்வூரார் பாடு" என்றார். பலர் தலையசைத்தனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இரயில்வேயிலும் ஆய்வகங்களிலும் பணிபுரிவோருக்கு மாற்றல் ஆணை எந்நேரமும் வரலாம். மாவடு நட்டுவிட்டு மாம்பழம் தின்னும்வரை ஒரே ஊரில் இருப்போர் நம்முள் எத்தனை பேர்?

2025-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் அந்த உறுப்பினருக்கு மறுமொழி வேறோர் இடத்திலிருந்து வந்தது. நகரின் மேற்கு எல்லையில், 1974-ஆம் ஆண்டில் தோன்றிய ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தை ஒட்டி, கஞ்ச கச்சிபௌலி என்னும் 400 ஏக்கர் நிலம் உளது. மேய்ச்சல் நிலம் என்று முன்னரே பொருள் கூறினோம். பாறையும் புதரும் சுனையுமாகக் கிடந்து, மானும் மயிலும் உலவும் இடமாயிற்று. நிலம் அரசினுடையது என்று அரசு கூறிற்று. நீதிமன்றத் தீர்ப்பும் அதற்குச் சார்பாக இருந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அதனை வழங்கும் நோக்கத்தோடு மார்ச்சு 30-ஆம் நாள் மண் வாரும் பொறிகள் இறங்கின. மாணவர்கள் திரண்டு தடுத்தனர். பலர் காவலரால் பிடிக்கப்பட்டனர். மரங்கள் சாய்வதும், இரவில் மயில்கள் அகவுவதும் காணொளிகளாக நாடெங்கும் பரவின. ஏப்ரல் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்துமாறு ஆணையிட்டது. அதற்குள் ஏறத்தாழ 100 ஏக்கர் வெறுந்தரையாகிவிட்டது. வெட்டிய இடத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தற்குத் திட்டம் என்ன என்று பின்னர் அந்நீதிமன்றமே வினவிற்று.

அரசுக்கு வருவாய் வேண்டும், இளைஞர்க்கு வேலை வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கு இன்று சோறு போடுவதே கச்சிபௌலிப் பக்கத்து அலுவலகங்கள்தாம். ஆயினும் அங்கே நின்ற மாணவரை எண்ணிப் பாருங்கள். அவர்களும் வெளியூர்ப் பிள்ளைகள். கேரளத்தினர், ஒடிசாவினர், வடகிழக்கினர், நம்மவர். இரண்டாண்டு, ஐந்தாண்டு தங்கிப் படித்துவிட்டுப் பிரிந்துபோகப் போகின்றவர்கள். தம்முடையதல்லாத ஊரில், தாம் நிழல் காணப்போகாத மரத்திற்காக அடிபட்டனர். இதை நாம் கூட்டத்தில் எடுத்துக் கூறியபோது, மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் என்ன செய்யவேண்டும் என்கிறாய் தம்பி?" என்றார்.

நாம் செய்யச் சொன்னது பெரிதொன்றுமில்லை. ஒரு கணக்கேடு வாங்கச் சொன்னோம். ஆடம்பரப் பந்தலும் நெகிழித் துணிப் பதாகையும் வேண்டா. அப்பணத்தில் கம்பி வேலிக் கூண்டு வாங்குவோம். நடுகின்ற ஒவ்வொரு கன்றுக்கும் எண் இடுவோம். எந்த எண், எந்த மரம், எந்த இடம், எந்த வீட்டார் பொறுப்பு, எந்நாளில் நீர் வார்க்கப்பட்டது என்று ஏட்டில் பதிவோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று இருவர் சென்று இருப்பைச் சரிபார்ப்பர். மாற்றலாகிப் போகின்றவர், இரயில்வேயில் பொறுப்பை ஒப்படைப்பது போலவே, தம் கன்றை இன்னொருவரிடம் ஒப்படைத்துக் கையொப்பமிட்டுச் செல்லல் வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் சிரித்தனர். கன்றுக்குமா 'சார்ஜ்' கொடுப்பது என்று ஒருவர் கேலி பேசினார். ஆயினும் தீர்மானம் நிறைவேறிற்று.

சென்ற ஜூலையில் 40 கன்றுகள் வைத்தோம். மண் என்று பெயர்தான். ஒரு முழத்திற்குக் கீழே பாறை. கடப்பாரையின் முனை மழுங்கிற்று. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் வாளியில் சேர்த்து வைக்கும் வழக்கத்தை நம் இல்லத்தரசியர் கொணர்ந்தனர். கன்றின் தூரருகே துளையிட்ட பழைய மண்பானையைப் புதைத்து அதில் நீர் நிரப்பி வைத்தால் மூன்று நாள் ஈரம் காக்கும் என்று திருநெல்வேலி அம்மையார் ஒருவர் காட்டிக் கொடுத்தார். இம்மாதக் கணக்குப்படி இருப்பு 27. மாடு மேய்ந்தது 4, சாலை தோண்டியதில் போனது 6, காய்ந்தது 3. காய்ந்த மூன்றிற்கும் உரிய வீட்டாரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை; அவர்களுக்கே தெரியும்.

ஏட்டின் 19-ஆம் எண்ணைமட்டும் சற்று விளக்கிக் கூற விரும்புகிறோம். அது ஒரு நாவற்கன்று. ஆய்வகமொன்றில் பணிபுரிந்த அன்பர் ஒருவரின் 8 வயது மகள் வளர்த்தது. சென்ற ஜனவரியில் அவருக்கு ஒடிசாவிலுள்ள சண்டிப்பூருக்கு மாற்றலாயிற்று. லாரியில் சாமான் ஏற்றியாயிற்று, பெண்ணைக் காணவில்லை. கன்றின் அருகே அமர்ந்துகொண்டு வர மறுத்தாள். பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? அத்தெருவில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. எதிர்வீட்டு இசுலாமிய அம்மையார், நம் பெண்டிர் எல்லாரும் 'ஆப்பா' என்று அழைப்பவர், ஓசை கேட்டு வெளியே வந்தார். செய்தியை அறிந்ததும், ஏட்டைக் கொணருமாறு கேட்டார். "ஒப்படைத்தேன்" என்று பெண் தமிழிலும், "பெற்றுக்கொண்டேன்" என்று அவர் உருதுவிலும் எழுதிக் கையொப்பமிட்டனர். பெண் லாரியில் ஏறினாள். இப்பொழுது வாரத்திற்கொரு முறை அந்தக் கன்றின் படம் கைப்பேசி வழியே சண்டிப்பூருக்குச் செல்கிறது. நாம் போன ஞாயிறன்று அளந்தபோது உயரம் நான்கடி.

நம் தீர்மானத்தில் வேற்று மொழியாரைச் சேர்ப்பதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆப்பாவுக்குப் பின் அத்தெருவில் இன்னும் மூன்று வீட்டார் கன்று கேட்டுள்ளனர். அவர்களுள் இருவர் தெலுங்கர். சங்கத்து விதிகளின்படி உறுப்பினரல்லாதார்க்குச் சங்கப் பணத்தில் கூண்டு வாங்கித் தரலாமா என்று பொருளாளர் ஐயம் எழுப்பியுள்ளார். அடுத்த கூட்டத்தில் இது விவாதத்திற்கு வருகிறது. தரலாம் என்பது நம் கட்சி. அன்பர்கள் தவறாது வந்து வாக்களிக்க வேண்டுகிறோம்.

இவ்வாண்டிற்கு வேம்பு 12, புங்கு 10, நாவல் 6, புளி 2 ஆக 30 கன்றுகள் வாங்க எண்ணம். புளியைத் தம் வீட்டருகே வைக்க இதுவரை எவரும் பெயர் கொடுக்கவில்லை. காரணம் அன்பர்கள் அறிந்ததே. ஒன்றை நாம் எடுத்துக்கொள்கிறோம். மற்றொன்றுக்கு ஆள் வேண்டும். கடப்பாரை இரண்டு உள்ளன. மூன்றாவது ஒன்று இருப்போர் கொணர்ந்தால் பெரிதும் உதவும், காஞ்சன்பாக்கின் தரை அத்தகையது.